அத்தியாயம் என்கிற என் தம்பி பெண்டாட்டி

என் தம்பி பெண்டாட்டிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எங்கள் மீன் வெட்டும் கொட்டகையில் அவள் பெயர் அத்தியாயம். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் புத்தகத்தை மடக்கி, "அத்தியாயம் முடிஞ்சுது, யாராவது தண்ணி குடுங்க" என்பாள். கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, எவன் கழுத்திலாவது கத்தி ஏறுகிற இடமாகப் பார்த்துத்தான் அத்தியாயத்தை முடிப்பார்கள். அதனால் தண்ணீருக்கு முன்னால் வசவுதான் போகும். அத்தனை வசவையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, நிதானமாகத் தண்ணீர் குடிப்பாள்.

கொட்டகையில் தகரம் அடித்த நீள மேசைகள், இரண்டு பக்கமும் நாங்கள். தலைக்கு ஒரு வெட்டு, வயிற்றுக்கு ஒரு கீறல், குடலுக்கு ஒரு இழுப்பு. ரத்தம் மேசையின் ஓரமாக ஓடி, எங்கள் ரப்பர் பூட்ஸை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகும். எங்களில் பத்து விரலும் முழுசாக வைத்திருப்பவள் யாராவது இருந்தால், அவள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்.

முன்பு ரேடியோ இருந்தது. எந்தப் பாட்டு வைப்பது என்று இரண்டு பேருக்குச் சண்டை வந்து, ஒருத்தி வீசிய மீன் தலை பட்டு ரேடியோ குடல் கூடைக்குள் விழுந்து செத்தது. அதற்குப் பிறகுதான் வந்தது வினை. கையில் கத்தியோடு, வாய்க்கு வேலை இல்லாமல் முப்பது பெண்களை எதிரும் புதிருமாக நிற்க வைத்தால் என்ன ஆகும்? உன் மாமியார், என் மகன், அவள் நடத்தை என்று பேச்சு கிளம்பி, ஒரே மாதத்தில் இரண்டு பேர் தையல் போட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குத் தோளில், இன்னொருத்திக்கு வேறு இடத்தில்.

அப்போது புதிதாக வந்திருந்தவள் இவள். சாப்பாட்டு நேரத்தில் பொட்டலம் கட்டி வந்த தாளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். ஏதோ ஒரு கதையின் நாலு பக்கம். அவள் அப்பா மார்க்கெட்டில் மீன் ஏலம் கூறியவர், மகளுக்குச் சொத்தாக விட்டுப்போனது அந்தத் தொண்டையைத்தான். கொட்டகையின் கடைசி மேசைக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்டது. நாலாம் பக்கத்தில் ஒருத்தன் கிணற்றை எட்டிப் பார்க்கிறான், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்கிறார்கள், தாள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு கூட்டமே போய் பழைய பேப்பர் கடைக்காரனை உலுக்கி எடுத்தது. மிச்சப் புத்தகம் கிடைக்கும்வரை அவனைக் கடையடைக்க விடவில்லை.

அப்படித்தான் எங்கள் வழக்கம் உண்டானது. அவள் உயரமான முக்காலியில் உட்கார்ந்து படிப்பாள். அவள் வெட்ட வேண்டிய மீனை நாங்கள் பங்கு போட்டு வெட்டிவிடுவோம். சண்டை ஓய்ந்து மீனும் சீக்கிரம் முடிந்ததால் மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை. போகப் போக அவரும் கதை கேட்க வசதியாகத் தூணோரம் நிற்க ஆரம்பித்தார்.

ஒரு புத்தகம் முடிந்ததும் அவள் கேட்பாள்: "மறுபடியா?" வேண்டும் என்கிறவர்கள் கத்தியைத் தூக்க வேண்டும். பாதிப் பேருக்குமேல் தூக்கினால் அந்தப் புத்தகம் தூணில் ஆணியடித்து வைத்த மீன் பெட்டிக்குள் ஏறும். இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடைக்கே திரும்பிப் போகும். பெட்டிக்குள் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. எத்தனையோ புத்தகம் வந்தது, ஏறியது இரண்டு கை விரல்களுக்குள்தான். என் கை விரலைச் சொல்லவில்லை, முழுக் கை.

கிணற்று வீடு ஏறியது. முதல் தடவை பேய்க்குப் பயந்தோம். இரண்டாம் தடவை பேய் பாவமாக இருந்தது, அதன் மாமியாரைப் பார்த்துத்தான் பயந்தோம். ஒற்றைக்காது ராஜா ஏறினான். அவன் கோட்டைக்குள்ளேயே ஒரு துரோகி இருக்கிறான், கதவைத் திறந்துவிடப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவருகே வரும்போது, "திறக்காதடா பாவி" என்று வயிறெரிந்து கத்துவோம். ஒருமுறை ஒருத்தி வீசிய கத்தி தூணில் போய்க் குத்தி நின்றது, நூலிழையில் மேஸ்திரி தப்பினார். பனியில் மாட்டிக்கொண்ட கப்பல்காரர்கள் செருப்பை வேகவைத்துத் தின்கிற புத்தகம் ஏறியது. ஒரு காதல் கதையும் ஏறியது, எனக்குப் பிடிக்காது, அந்தப் பையன் முதல் பக்கத்திலேயே வாயைத் திறந்திருந்தால் இருநூறு பக்கம் மிச்சம். வீட்டு டாக்டர் புத்தகத்தைச் சும்மா விளையாட்டாகத்தான் படித்தோம். ஒரு நாள் பக்கத்து மேசைக்காரிக்கு மணிக்கட்டு அறுந்து ரத்தம் பீய்ச்சியபோது, அத்தியாயம் அதில் 'வெட்டுக்காயம்' பக்கத்தை எடுத்து ஏலம் கூறுகிற மாதிரி வரிவரியாகப் படிக்க, நாங்கள் படித்தபடி கட்டினோம். அவள் பிழைத்தாள். அன்றைக்கு எல்லாக் கத்தியும் மேலே போனது.

முதல் தடவை கதை நம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாம் தடவைதான் நாம் அதன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "ஏன்டா அப்படிச் செஞ்சே?" என்று கேட்க முடியும். அப்படிக் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிற புத்தகம்தான் பெட்டியில் தங்கும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. மறுபடி படிக்கும்போது அவள் ஒரு வரி விட்டாலும் அதைக் கண்டுபிடிப்பவள் கத்தலாம். கத்தியது சரியென்றால், அத்தியாயம் முக்காலியை விட்டு இறங்கி ஒரு கூடை குடல் அள்ளிக் கொட்ட வேண்டும். இதில் கெட்டிக்காரி எங்கள் முட்டைக்கண்ணி. 'என்றான்' என்பதை 'என்று சொன்னான்' என்று படித்ததற்கே கூடையை நகர்த்தியவள். ஈவு இரக்கம் கிடையாது.

எல்லோருக்கும் ரொம்பப் பிடித்த புத்தகத்தை நாங்கள் மாடிப்படி என்போம். அட்டை கிழிந்துவிட்டதால் உண்மையான பெயர் என்னவோ. ஒரு குமாஸ்தா. மாடி வீடு, வெளியே இரும்புப் படி. பெண்டாட்டியைத் தீர்த்துக்கட்ட ஒரு படியின் போல்ட்டுகளைக் கழற்றி, புதிதாகத் தெரிகிற கீறல்மேல் ஈர மண்ணைப் பூசிவிட்டு, எதிரே டீக்கடையில் நாலு பேர் நடுவில் போய் உட்காருவான். அங்கிருந்தே, "மழை வர மாதிரி இருக்கு, மாடியில துணி காயுது பாரு" என்று குரல் கொடுப்பான். அவள் ஏறுவாள், விழுவாள், சாவாள். துருப்பிடித்த படி பெயர்ந்து விழுந்தாள் என்று ஊர் நம்பும். கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும், எதற்கும் இருக்கட்டும் என்று அவன் கழற்றியது இரண்டு படி. போல்ட்டுகளைக் கிணற்றில் போட்டதும் அங்கேதான் தெரியும். சந்தேகப்பட்ட போலீஸ்காரி அவன் அம்மாவை அதே படியில் ஏறச் சொல்வாள். கிழவி ஒவ்வொரு படியாக ஏறுவாள். கழற்றி வைத்த அந்த இன்னொரு படிக்குப் பக்கத்தில் அவள் கால் போனதும் அவன் தாங்கமாட்டாமல் அலறுவான்: "ஏறாதேம்மா!" அந்த வரியை அத்தியாயம் தனியாகப் படித்ததே கிடையாது. முப்பது பேரும் சேர்ந்து அலறுவோம், தகரக் கூரை அதிரும். கொலைகாரன்தான், ஆனாலும் அந்த ஒரு அலறலுக்காக எனக்கு அவன்மேல் ஒரு ஈரம் இருந்தது.

என் தம்பிக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். என் இடுப்பு இன்றும் ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான். வளர்ந்து கொட்டகைக்கே ஐஸ் உடைக்க வந்தான். பெரிய பெரிய பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து மெஷினில் தள்ள வேண்டும். மெஷின் ஓடினால் யார் பேசினாலும் கேட்காது, ஒரு சுமை உடைத்து முடித்ததும் அது ஓயும். அந்த ஓய்வில்தான் கதை ஓடும். அத்தியாயத்தின் குரலுக்காகவே நான் அவளை எங்கள் வீட்டுக்குக் கேட்டேன், கட்டிவைத்தேன். எங்கள் வீடும் மாடி வீடுதான். கீழே நான், மாடியில் அவர்கள். வெளியே இரும்புப் படி.

கல்யாணமான மூன்றாம் மாதமே கை நீட்டினான். உப்பு கூட, உப்பு குறைச்சல், எதிர் வீட்டைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. நான் துடைப்பக்கட்டையோடு மாடிக்கு ஓடுவேன். என்னைக் கண்டால் நாலு நாள் அடங்குவான், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்னவன் கிடைத்தால் அவன் கையை ஒடிப்பேன்.

ஒரு நாள் காலையில் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டான். "ஊருக்கெல்லாம் தொண்டை கிழியப் படிக்கிறியே, எனக்கு ரெண்டு வார்த்தை பேச வாய் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே நெரித்திருக்கிறான். நான் கதவை உடைத்துக்கொண்டு போனபோது அவள் கண் மேலே செருகியிருந்தது. அவனைத் தலையில் அடித்துத்தான் பிரித்தேன். வீட்டில் படு என்றால் கேட்காமல் அவள் வேலைக்கு வந்து முக்காலியில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்தாள், மறுபடி காற்று.

கொட்டகைப் பெண்கள் அவள் கழுத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தார்கள், ஐஸ் மெஷினைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கத்தியை மேசையில் வைத்தார்கள். வைத்துவிட்டுத்தான் போனார்கள், அந்த மட்டும் என் தம்பிக்கு ஆயுசு கெட்டி. ஐஸில் உறைந்த மீன் கட்டை மாதிரி இருக்கும். அதன் வாலைப் பிடித்து மாறி மாறி விளாசினார்கள். முதல் அடி என்னுடையது. மூக்கு உடைந்தது, இரண்டு பல் ஐஸ் தண்ணீரில் மிதந்தது. கடைசியில் ஐஸ் தொட்டிக்குள் தூக்கிப் போட்டு, உதடு நீலமாகும்வரை மூடியின்மேல் முட்டைக்கண்ணி உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி முதுகைத் திருப்பிக்கொண்டு பெட்டி எண்ணினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் போதும் என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அத்தியாயம் கீழே என் அறையில் படுத்துக்கொண்டாள். துணி காயப்போட மட்டும் மாடிக்குப் போவாள். குரல் மெல்ல மெல்லத் திரும்பியது, ஆனால் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டது. கிணற்றுப் பேய்க்கு அது நன்றாகத்தான் பொருந்தியது. பொண்டாட்டி கீழே, புருஷன் மேலே என்று ஆண்கள் அவனைக் கேலி பேசினார்கள். அவன் என்னிடம் குழைந்தான், அவளைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டான். திருந்திவிட்டான் என்று நான் நம்பினேன். கூடப்பிறந்தவள் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

அடுத்து எந்தப் புத்தகம் என்று கேட்கும்போது ஐஸ் பக்கத்திலிருந்து கொக்கி உயர்ந்தது. "மாடிப்படி" என்றான். எல்லோருக்கும் ஆச்சரியம், சிரிப்பு. அடி வாங்கியதில் இவனுக்கும் ரசனை வந்துவிட்டது என்றாள் முட்டைக்கண்ணி. படித்தோம். இரண்டு புத்தகம் கழித்து மறுபடி கொக்கி. மறுபடி மாடிப்படி. நல்ல புத்தகம்தானே, யார் வேண்டாம் என்பார்கள்?

ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அண்ணி, உங்க தம்பிக்கு உதடு அசையுது."

"யாருக்குத்தான் அசையல? மேஸ்திரிக்கே அசையுது."

"அந்த போல்ட்டு கழட்டுற அத்தியாயத்துக்கு மட்டும் அசையுது. அப்ப மெஷினைப் போடாம நின்னு கேக்கறாரு. கடைசி அத்தியாயம் ஆரம்பிச்சா பீடி குடிக்க லாரியடிக்குப் போயிடறாரு. ஒரு தடவைகூட இருந்ததில்ல. மேல உக்காந்து படிக்கறவளுக்கு எல்லாம் தெரியும் அண்ணி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போடி, அவனுக்கு அவ்வளவு மூளை இருந்தா எதுக்கு ஐஸ் உடைக்கிறான்?" என்றேன்.

அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

மூன்றாம் தடவை மாடிப்படி நடந்தபோது, போல்ட்டு கழற்றுகிற அத்தியாயத்தில் அவள் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தாள். என் காதுக்குத் தட்டவில்லை. முட்டைக்கண்ணிக்கே தட்டவில்லை, வெறும் வர்ணனை வரி, அதை யார் மனசில் வைத்திருப்பார்கள்? ஐஸ் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், மண்ணு பூசினதை விட்டுட்டே! 'வெள்ளையாகத் தெரிந்த கீறலின்மேல் ஈர மண்ணை எடுத்து விரலால் பூசினான்.' அது எங்கே?"

கொட்டகையே ஓ என்று சிரித்தது. "அட, ஐஸுக்காரரு முட்டக்கண்ணியைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாரே! கூடையை நகத்துங்கடி!" அவனும் சிரித்தான், விழுந்த பல் இடைவெளி தெரிய, பெருமையாக. அத்தியாயம் முக்காலியிலிருந்து இறங்கி வந்து குடல் கூடைக்குள் கையை விட்டாள். அவள் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் என் கத்தி வழுக்கி என் பெருவிரலைப் பிளந்தது.

போலீஸில் போய் என்ன சொல்வது? என் தம்பி கதை கேட்கிறான் என்றா? அவளை எங்காவது போய்விடு என்றேன். "நான் எதுக்குப் போகணும் அண்ணி? கழுத்தை நெரிச்சது நானா?" என்றாள். அதுவும் நியாயம்தான். அவனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன்.

"டேய், அந்தக் கதையில உனக்கு அப்படி என்னடா பிடிச்சிருக்கு?"

"அவன் புத்திசாலிக்கா" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் நான் ஒவ்வொரு படியாகக் குனிந்து போல்ட்டைத் தடவிப் பார்ப்பேன். எல்லாம் இறுக்கமாக இருக்கும். சே, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று என்னையே நொந்துகொள்வேன். மறுநாள் மறுபடி தடவுவேன்.

அன்று ஐஸ் லாரி வரவில்லை என்று அவன் முன்னாலேயே கிளம்பிவிட்டான். நாங்கள் இருவரும் சாயங்காலம் தெருமுனை திரும்பியபோது, எதிர் டீக்கடை பெஞ்சில் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் கையிலும் டீ. என் தம்பி தன் ஆயுளில் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் இல்லை. அத்தியாயத்தின் நடை தளர்ந்தது. அவன் எங்களைப் பார்த்ததும் கையை வாயருகே குவித்துக்கொண்டு, அந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்:

"மழை வர மாதிரி இருக்கு, மாடியில துணி காயுது பாரு!"

வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. வார்த்தைகூட மாற்றவில்லை அவன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஐஸாக இருந்தது. "நீ இங்கேயே நில்லு" என்றேன். "நான் போறேன்."

"அண்ணி..."

"கடைசி அத்தியாயம் எனக்கும் தெரியும்டி."

நான் நினைத்தது இதுதான். அவன் கத்துவான். புத்தகத்தில் வருகிறவன் எவனோ, முகம் தெரியாதவன், அவனே அம்மாவுக்காகக் கத்தினான். இவன் என் இடுப்பில் வளர்ந்தவன். கத்தட்டும், அந்த மூன்று பேர் காதிலும் விழட்டும். அவன் கத்தினால் அவனும் மனுஷன்தான் என்று எனக்குத் தெரிந்துபோகும், பிறகு காலில் விழுந்தாவது அவனை இந்த ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். அவள் உயிரும் பிழைக்கும், என் தம்பியும் எனக்கு மிஞ்சுவான்.

படியில் ஏறினேன். வேண்டுமென்றே மெதுவாக, பூட்ஸ் இரும்பில் தட்டுகிற மாதிரி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிக்கு நாலைந்து படி இருக்கும்போது கண்டேன். ஒரு படியின் ஓரத்தில் ஈர மண். விரல் ரேகைகூடத் தெரிந்தது. காலையில் நான் தடவிப் பார்த்தபோது அங்கே மண் இல்லை.

காலைத் தூக்கி, அந்தப் படியில் வைக்காமல் மேலேயே நிறுத்திக்கொண்டு, திரும்பி அவனைப் பார்த்தேன்.

அவன் கண்ணாடி டம்ளரைத் தூக்கி ஒரு வாய் டீ குடித்தான்.

கீழே சிமெண்டுத் தரை. விழுந்தால் என் மண்டை சிதறும். அவனுக்கு அது தெரியும். பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் குடித்தான். வேறு ஆள் ஏறினால் இன்னும் நல்லது, சந்தேகமே வராது என்று கணக்குப் போட்டானோ, இல்லை ஒன்றுமே நினைக்கவில்லையோ, அந்த முகத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தவழ்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற முகம் அது. அந்த நொடியில், காலை வைத்துவிட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. கால் இறங்கவும் ஆரம்பித்தது.

"ஏறாதீங்க அண்ணி!"

நெரிபட்ட தொண்டைதான். ஆனால் ஏலக்காரர் பெற்ற தொண்டை. தெரு முழுக்க நின்றுவிட்டது, கதவுகள் திறந்தன, சைக்கிளில் போனவன் காலை ஊன்றினான். என் கால் பின்னுக்கு வந்தது. குனிந்து அந்தப் படியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினேன். இரும்புத் தகடு பெயர்ந்து, கம்பியில் மோதிக்கொண்டே போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து அலறியது. டீக்கடையில் இருந்த மூன்று பேரும் எழுந்து நின்று அவனைப் பார்த்தார்கள்.

அவன் என்னிடம் வரவில்லை. பெஞ்சுக்கடியிலிருந்து ஐஸ் கொக்கியை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் ஓடினான். நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. முதல் வீச்சில் கொக்கி அவள் தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. அவள் கத்தவில்லை, இரண்டு கையாலும் கொக்கியின் பிடியைப் பற்றிக்கொண்டாள், அவனால் திரும்ப இழுக்க முடியவில்லை. கீழே கிடந்த படித்தகட்டைத் தூக்கினேன். அவன் முழங்காலைப் பார்த்து முழு பலத்தோடு இறக்கினேன். உள்ளே ஏதோ உடைகிற சத்தம், பெரிய மீனின் முள்ளை வெட்டுகிற அதே சத்தம். விழுந்தவன்மேல் இன்னொரு தடவை இறக்கினேன். மூன்றாவதற்குத் தூக்கியபோது டீக்கடைக்காரர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் வந்து கேட்டபோது, படி துருப்பிடித்து விழுந்தது என்றான். சட்டைப் பையைத் தடவினார்கள். போல்ட்டு நாலும் அதற்குள்ளேயே இருந்தன. நல்ல போல்ட்டாயிற்றே என்று வைத்திருந்தானாம். கடைசி அத்தியாயத்தை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் கிணற்றைத் தேடியிருப்பான்.

சிறையில் அவனை ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். காலை இழுத்து இழுத்து வந்தான். "உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றான். "நீ ஏன்டா கத்தல?" என்று கேட்டேன். கம்பியைப் பார்த்துக்கொண்டே, "நீ கால் வெக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றான். பொய். சின்ன வயதில் சர்க்கரை திருடித் தின்றுவிட்டும் இதே மாதிரி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் பொய் சொல்வான். நான் எழுந்து வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை.

அத்தியாயத்துக்குத் தோள் ஆற நாளானது. இடது கை இன்னும் தலைக்குமேல் தூக்க வராது. புத்தகம் பிடிக்க அவ்வளவு உயரம் தேவையில்லை என்று முக்காலியில் ஏறிவிட்டாள். ராஜா முடிந்தான், கப்பல் முடிந்தது, காதல்கூட முடிந்தது. மாடிப்படியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அது பெட்டியின் அடியில் கிடந்தது. எனக்காகத்தான் அவர்கள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? என்னை நோயாளி மாதிரி நடத்தினால் எனக்குப் பிடிக்காது. அடுத்தது எது என்று அவள் கேட்ட அன்று நான் கத்தியைத் தூக்கினேன். "மாடிப்படி" என்றேன். தூக்கியது என் கத்தி மட்டும்தான், பாதி இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டாள்.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். போல்ட்டு கழற்றியதைக் கேட்டேன், மண் பூசியதைக் கேட்டேன். மீன் வந்துகொண்டே இருந்தது, வெட்டிக்கொண்டே இருந்தேன். கடைசி அத்தியாயம் வந்தது. கிழவி படியேற ஆரம்பித்தாள். எல்லாக் கத்தியும் நின்றுவிட்டது, என்னுடையது மட்டும் ஓடியது. அந்த வரிக்கு ஒரு வரி முன்னால் அத்தியாயம் மூச்செடுத்தாள். யாரும் கூடச் சேர்ந்து அலறத் தயாராக இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் அதைத் தனியாகப் படித்தாள்.

"ஏறாதீங்க அண்ணி" என்று படித்தாள்.

புத்தகத்தில் அப்படி இல்லை. கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். என் மேசையில் மீன் மங்கலாகத் தெரிந்தது, கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். எதிரே நின்ற முட்டைக்கண்ணி, காலை நீட்டிக் குடல் கூடையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "மேல படி" என்றாள்.